நான்கு கால்களின் கதை – 9: முதலைக்கு முன்னே வந்தவை

தெற்கு ஜெர்மனியில் கைல்டோர்ஃப் என்ற ஊரருகே படிகாரத்துக்காகத் தோண்டிய சுரங்கத்தில் ஒரு மண்டையோட்டின் பின்பகுதியும் சில பெரிய பற்களும் கிடைத்தன. மருத்துவரும் புதைபடிவ ஆய்வாளருமான கியோர்க் ஃபிரெடரிக் யேகர் 1828-ல் அவற்றை விவரித்து வெளியிட்டார். பல்லுக்கு ஒரு பெயர் வைத்தார், மண்டையோட்டுக்கு வேறொரு பெயர். பற்களைப் பார்த்தால் ஏதோ பெரிய ஊர்வனவற்றின் பற்களாகத் தெரிந்தன. மண்டையோடு அதற்கு ஒத்துவரவில்லை. கழுத்தெலும்போடு தலை பொருந்தும் இடத்தில் முதலைக்கும் பல்லிக்கும் பறவைக்கும் ஒரே ஒரு முண்டுதான் உண்டு. தவளைக்கும் சாலமாண்டருக்கும் இரண்டு. கைல்டோர்ஃப் மண்டையோட்டில் இரண்டு முண்டுகள் இருந்தன.

பல்லும் மண்டையோடும் ஒரே விலங்கினுடையவை என்பது பின்னர் தெளிவானது. மாஸ்டோடான்சாரஸ் என்று இன்று அழைக்கப்படும் அந்த விலங்கு சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலத்தில் வாழ்ந்தது. முதலையின் வாய், தவளையின் பிடரி. இரண்டில் எதை நம்புவது? அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்களைப் பாடாய்ப் படுத்திய கேள்வி இது.

சென்ற இதழில், கிரீன்லாந்தின் பாறைகளில் கிடைத்த அகாந்தோஸ்டெகா எட்டு விரல்களோடு நீரிலேயே வாழ்ந்ததைக் கண்டோம். கால் முளைத்ததும் எல்லாம் கரையேறிவிட்டன என்ற பழைய கதை அங்கேயே உடைந்தது. அந்தக் கதையின் மறுபாதி இந்த இதழில். கால் முளைத்த பிறகும் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆற்றையும் சதுப்பையும் விட்டு வராமல், பதுங்கிக் கிடந்து இரை பிடித்தே வாழ்ந்த பெருவிலங்குகள் பல இருந்தன. முதலை என்ற இனம் உலகில் தோன்றும் முன்பே முதலையின் உருவத்தை எடுத்தவை அவை.

இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன் மாஸ்டோடான்சாரஸின் பல்லைக் குறுக்கே மெல்லிய வில்லையாக அறுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். பல்லின் வெளிச்சுவர் உள்ளே மடிந்து, வளைந்து, மேலும் மடிந்து, வழி தெரியாத சுழல்பாதைகளாக நிறைந்திருந்தது. இதே அமைப்பை வார்விக் வட்டாரத்துப் பற்களிலும் கண்ட அவர், 1841-ல் அந்த விலங்குகளுக்கு லேபிரிந்தோடான் என்று பெயர் சூட்டினார். இரட்டை முண்டு தவளையைக் காட்டியது. ஆகவே உடலும் தவளையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார்.

அந்த முடிவின் உருவத்தை இன்றும் காணலாம். லண்டனின் சிடனம் பகுதியில் உள்ள கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில், 1854-ல் சிற்பி பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் ஓவனின் ஆலோசனைப்படி செய்த லேபிரிந்தோடான்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கின்றன. பருத்த உடல், குட்டை வால், மடங்கிய பின்னங்கால்கள். அசல் தவளைகள், அளவு மட்டும் பிரம்மாண்டம்.

ஓவன் பக்கம் இன்னொரு சான்றும் இருந்தது. ஜெர்மனியின் ஹில்ட்பூர்க்ஹவுசனிலும், 1838-ல் இங்கிலாந்தின் ஸ்டோர்ட்டன் கல் குவாரியிலும் கிடைத்த காலடித் தடங்கள் மனிதக் கையைப் பதித்ததுபோல் இருந்தன. முன்தடம் சிறியது, பின்தடம் பெரியது. தவளையின் முன்கால் சிறிது, பின்கால் பெரிதல்லவா? தடங்களையும் லேபிரிந்தோடானின் கணக்கில் எழுதிவிட்டார்கள். கட்டைவிரல் போலிருந்த விரல் உள்பக்கம் இல்லாமல் வெளிப்பக்கம் இருந்ததுதான் சிக்கல். கால்களைப் பின்னிப் பின்னி நடந்திருக்குமோ என்றுகூட விளக்கம் தேடினார்கள். 1925-ல் வொல்ஃப்காங் சோர்கல் அந்தத் தடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, வெளிப்பக்கம் இருப்பது கட்டைவிரல் அல்ல, ஐந்தாம் விரல் என்றும், நடந்தது முதலைக்கு நெருங்கிய ஓர் ஊர்வன என்றும் நிறுவினார். 1965-ல் சுவிட்சர்லாந்தின் மான்டே சான் ஜார்ஜியோவிலிருந்து விவரிக்கப்பட்ட டிசினோசூக்கஸ் என்ற விலங்கின் பாதம் அவர் சொன்னதோடு பொருந்திப் போனது. ஆக, முதலையின் உறவினர் நடந்த தடம் தவளைக்குப் போனது. முதலையைப் போல் வாழ்ந்த விலங்குக்குத் தவளையின் உடம்பு வந்து சேர்ந்தது. உருவத்தை வைத்து உறவைச் சொல்வதிலும், உறவை வைத்து உருவத்தைச் சொல்வதிலும் உள்ள ஆபத்து இரண்டும் இந்த ஒரே வழக்கில் இருக்கின்றன.

உண்மையான உருவம் ஓவனின் காலத்திலேயே வெளிப்பட ஆரம்பித்திருந்தது. சார் பகுதியின் லேபாக்கில் உருக்காலைக்காக எடுத்த இரும்புத்தாதுக் கட்டிகளை உடைத்தால் உள்ளே எலும்புக்கூடுகள் இருந்தன. 1847-ல் கோல்ட்ஃபஸ் அவற்றில் ஒன்றுக்கு ஆர்க்கெகோசாரஸ் என்று பெயரிட்டார். சுமார் 29 கோடி ஆண்டுப் பழமை. நீண்டு குறுகிய மூக்கு, நீண்ட வால், குட்டைக் கால்கள். கங்கையின் கரியால் முதலையைச் சிறிதாக்கினால் கிட்டத்தட்ட இந்த வடிவம் வரும். குஞ்சு முதல் முதிர்ந்தது வரை எல்லா வயதிலும் மாதிரிகள் கிடைத்ததால் ஹெர்மன் ஃபான் மேயர் அதன் வளர்ச்சியையே படிக்க முடிந்தது. இளம் வயதில் செவுள்கள் இருந்தன. மூக்கு வயதோடு நீண்டது. சில மாதிரிகளின் வயிற்றில் அது தின்ற மீனின் மிச்சமும் இருந்தது. ஊர்வன எதற்கும் செவுளுள்ள குழந்தைப் பருவம் கிடையாது. லேபாக்கின் இரும்புக் கட்டிகள் யேகரின் இரட்டை முண்டுக்கு வலுவான சாட்சியாக நின்றன.

மாஸ்டோடான்சாரஸின் முழு உடலைத் தெளிவாக்கியது ஒரு நெடுஞ்சாலை. 1977-ல் ஜெர்மனியின் குப்ஃபர்ட்செல் அருகே சாலை வெட்டியபோது எலும்புப் படுகை ஒன்று தென்பட்டது. ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகக் குழு சாலைப் பணிக்கு நடுவில் அவசர அவசரமாக ஆயிரக்கணக்கான எலும்புகளை எடுத்தது. ஒரு மீட்டரைத் தாண்டிய தட்டையான மண்டையோடு. மேலே பார்க்கும் கண்கள். கீழ்த்தாடையின் முனையில் இரண்டு கோரைப்பற்கள். வாயை மூடினால் அவை மேல்தாடையில் உள்ள துளைகள் வழியே மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் அளவுக்கு நீளம். தவளையின் தாவும் கால்கள் எங்கும் இல்லை.

ஆர்க்கெகோசாரஸும் மாஸ்டோடான்சாரஸும் டெம்னோஸ்பாண்டைல்கள் என்ற பெரும் குலத்தைச் சேர்ந்தவை. அந்தக் குலத்தில் முதலை வடிவம் ஒரு முறை மட்டும் வந்ததல்ல. பிரேசிலின் பெட்ரா டி ஃபோகோ பாறைகளிலிருந்து 1948-ல் லெவெலின் ஐவர் பிரைஸ் விவரித்த பிரியோனோசூக்கஸ், கரியால் போன்ற மூக்குடைய பேருருவம். அதன் மிகப்பெரிய துண்டு எலும்பை வைத்து 9 மீட்டர் நீளம் என்று மதிப்பிட்டவர்களும் உண்டு. துண்டு எலும்பிலிருந்து முழு நீளம் கணக்கிடுவதில் ஊகம் அதிகம் என்பதால் அந்த எண்ணை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் கதை இரண்டாகப் பிரிகிறது. இன்னொரு முதலை வடிவம், முற்றிலும் வேறொரு குலத்திலிருந்து, அதற்கும் முன்பே நிலக்கரிக் காட்டில் நீந்திக்கொண்டிருந்தது.

வடகிழக்கு இங்கிலாந்தின் நியூஷம் நிலக்கரிச் சுரங்கத்தில், கரி அடுக்குக்கு மேலே இருந்த கறுப்புக் களிப்பாறையில் மீன்களும் பெருவிலங்குகளும் புதைந்திருந்தன. சுரங்கத் தொழிலாளர்கள் வெளியே கொட்டிய அந்தப் பாறையிலிருந்து எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்தவர் தாமஸ் ஆத்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொல்லுயிரியலில் பாதி இப்படிப்பட்ட உள்ளூர் ஆர்வலர்களின் உழைப்பு. அவர்கள் இல்லாவிட்டால் அந்த எலும்புகள் கழிவுக் குவியலிலேயே சிதைந்து போயிருக்கும். ஆத்தியின் சேகரிப்பிலிருந்த ஒரு பெருவிலங்குக்கு 1926-ல் டி.எம்.எஸ். வாட்சன் இயோகைரினஸ் ஆத்தியை என்று பெயரிட்டார். நான்கு மீட்டருக்கு மேல் நீளம், விலாங்கு போல் நீண்ட உடல், வாலில் துடுப்பு, சிறு கால்கள், ஆழமான முதலைத் தாடை. சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சதுப்பு நீரில் அதற்கு அஞ்சாத உயிர் இருந்திருக்காது.

இயோகைரினஸ் போன்றவற்றை எம்போலோமியர்கள் என்பார்கள். டெம்னோஸ்பாண்டைல்களிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டுவது முதுகெலும்பு. ஆதி நான்குகாலிகளில் ஒவ்வொரு முள்ளெலும்பின் உடலும் ஒரே கட்டியாக இல்லாமல் முன்துண்டு, பின்துண்டு என இரண்டாக இருந்தது. டெம்னோஸ்பாண்டைல்களில் முன்துண்டுதான் பெரிது. பின்துண்டு சிறுத்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும். எம்போலோமியர்களில் இரண்டும் ஏறத்தாழ சம அளவுத் தட்டுகள். காசுகளை அடுக்கி வைத்தது போல் முதுகு நெடுக ஓடும். பல்லியிலும் முதலையிலும் மனிதரிலும் பின்துண்டு வளர்ந்து முழு முள்ளெலும்பாகிவிட்டது. முன்துண்டு மறைந்தே போயிற்று. பின்துண்டு வலுப்பெறத் தொடங்கிய எம்போலோமியர்கள் ஊர்வன, பாலூட்டிகளின் கிளைக்கு அருகே நிற்கின்றன என்ற கருத்து இதிலிருந்து எழுந்தது. சம அளவுத் தட்டுகளே ஆதி வடிவம் என்று வாட்சன் கருதினார். இன்னும் மூத்த விலங்குகளின் முதுகெலும்புகளோ அந்த வரிசையைத் தலைகீழாக்கின. முதலில் இருந்தது பெரிய முன்துண்டுதான்.

இந்தக் குலம் நீடித்த காலத்தை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் தெரியும் எம்போலோமியர்கள், டெக்சாஸில் ஆர்க்கேரியா என்ற பெயரில் பெர்மியன் காலத்திலும் நீந்துகின்றன. 2020-ல் விவரிக்கப்பட்ட சீரோஹெர்பெட்டான், வட சீனாவில் பெர்மியன் முடியும் தறுவாயிலும் இவை இருந்ததைக் காட்டியது. ஏழு கோடி ஆண்டுகளுக்கும் மேல் வெற்றிகரமாக வாழ்ந்த ஒரு கூட்டத்தை நீரிலிருந்து நிலத்துக்குப் போகும் வழியில் ஒரு படி என்று மட்டும் எழுதுவது அநியாயம்.

1869-ல் தாமஸ் ஹக்ஸ்லி யார்க்‌ஷரின் பிராட்ஃபோர்ட் அருகே கிடைத்த ஓர் எம்போலோமியருக்கு ஃபோலிடெர்பெட்டான் என்று பெயரிட்டிருந்தார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த அந்த மாதிரியை, நியூகாசிலில் அலெக் பான்ச்சனிடம் முனைவர் ஆய்வு செய்த ஜெனிஃபர் கிளாக் கையில் எடுத்தார். எம்போலோமியர் மண்டையோட்டின் பின்புறம் ஒரு பிளவு உண்டு. தவளைக்கு அவ்விடத்தில் செவிப்பறை இருப்பதால், இவற்றுக்கும் அங்கே செவிப்பறை இருந்தது என்றே எல்லாரும் எழுதி வந்தார்கள். கிளாக் பாறையை நீக்கிப் பார்த்தபோது உள்ளே இருந்த செவியெலும்பு தடித்து, பருத்து, மண்டையோட்டைத் தாங்கும் தூண் மாதிரி இருந்தது. காற்றில் வரும் மெல்லிய ஒலிக்கு அது அதிர்ந்திருக்காது. 1983-ல் அவர் இதை வெளியிட்டார். காற்றில் கேட்கும் காது ஒரே ஒரு தடவை தோன்றி எல்லா நான்குகாலிகளுக்கும் பரம்பரையாக வந்தது என்ற பாடம் அதோடு ஆட்டம் கண்டது. தவளையின் செவியும் பல்லியின் செவியும் தனித்தனியே உருவானவை. ஒரு சின்ன எலும்பை வைத்து இவ்வளவு பெரிய வீட்டை அசைத்த ஆய்வுகள் தொல்லுயிரியலில் அதிகம் இல்லை. 1987-ல் கிரீன்லாந்துக்குப் போய், சென்ற இதழில் பேசிய அகாந்தோஸ்டெகாவை வெளிக்கொண்டு வந்தவரும் இவரே. அதே 1987-ல் இயோகைரினஸைத் தனிப் பேரினமாக வைக்காமல் ஃபோலிடெர்பெட்டானில் சேர்த்தார். அந்தச் சேர்க்கையை ஏற்காதவர்களும் இன்று இருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு விலங்கு, எந்தக் குலத்திலும் எளிதில் அடங்காதது. ஸ்காட்லாந்தின் கில்மர்ட்டனில் கிடைத்த கிராசிகைரினஸ் 33 கோடி ஆண்டுகள் பழையது. இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட உடல். முன்னங்காலோ உடலோடு ஒப்பிட்டால் வெறும் குச்சி. நிலத்தில் நடப்பது நடக்காத காரியம். பாறையின் அழுத்தத்தில் நசுங்கிய மண்டையோட்டை வைத்து, மூரே விலாங்கைப் போல உயரமான, ஒடுங்கிய தலை என்று நெடுங்காலம் வரைந்து வந்தார்கள். 2023-ல் லாரா போரோ குழுவினர் சிடி ஸ்கேன் எடுத்து, உடைந்த எலும்புகளைக் கணினியில் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சேர்த்தார்கள். தலை தட்டையானது, அகன்றது; மறுபடியும் முதலை! பெரிய கண்கள் கலங்கல் நீரில் பார்க்க உதவியிருக்கும். நீரின் அசைவை உணரும் பக்கக்கோட்டு உறுப்புகளின் தடமும் எலும்பில் இருக்கிறது. ஆழமற்ற கலங்கல் நீரில் அசையாமல் கிடந்து, அருகே வருவதைச் சட்டெனப் பிடிக்கும் பிழைப்புக்குத் தட்டைத் தலையும் நீண்ட தாடையும் மேல்நோக்கிய கண்களும் ஏற்றவை. அதனால்தான் உறவில்லாத குலங்கள் திரும்பத் திரும்ப அந்த வடிவத்துக்கே வந்து சேர்ந்தன.

இந்திய மண்ணிலும் டெம்னோஸ்பாண்டைல்களின் எலும்புகள் உண்டு. நாக்பூரில் பணிபுரிந்த பாதிரியார் ஸ்டீபன் ஹிஸ்லாப்பும் அவருடைய தோழர் ராபர்ட் ஹண்டரும் நாக்பூருக்குத் தெற்கே மாங்லியில் எடுத்த மண்டையோட்டை ஓவன் 1855-ல் பிராக்கியாப்ஸ் என்று வெளியிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, மகாலனோபிஸின் அழைப்பில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்த லண்டன் ஆய்வாளர் பமேலா ராபின்சன் அங்கே ஒரு தொல்லுயிரியல் பிரிவை வளர்த்தெடுத்தார். அந்தக் குழு தெலங்கானாவில் கோதாவரிப் படுகையின் மலேரிப் பாறைகளில் மெட்டோபோசார்களைத் தேடி எடுத்தது. தட்டைத் தலையின் முன்கோடியில் கண்கள் அமைந்த இந்த டெம்னோஸ்பாண்டைலை 1965-ல் தபன் ராய் சௌத்ரி விவரித்தார். அதே பாறையின் மேலடுக்குகளில் மெட்டோபோசார்கள் மறைந்து, சிகுட்டிசார்கள் என்ற வேறு குடும்பம் இடம்பிடிக்கிறது. 1995-ல் தூர்ஜதி சென்குப்தா அவற்றுள் ஒன்றுக்கு, கழகத்தின் கள ஆய்வாளர் டி.எஸ். குட்டியின் பெயரால் குட்டிசெஃபாலஸ் என்று பெயரிட்டார்.

சிகுட்டிசார்கள்தான் டெம்னோஸ்பாண்டைல்களில் கடைசி வரை தாக்குப்பிடித்த குடும்பம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாக் கடற்கரையில் கிடைத்த கூலாசூக்கஸ் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசார்களோடு வாழ்ந்தது. அந்த நிலம் அப்போது தென்துருவத்தை ஒட்டியிருந்தது. குளிர்காலத்தில் உறையும் ஆறுகள் முதலைகளுக்கு ஆகாது. முதலைகள் வராத இடத்தில் முதலை வேலையைப் பழைய உரிமையாளரே பார்த்துக்கொண்டிருந்தார்.

உறவுக் கேள்வி எங்கே வந்து நிற்கிறது? ஓவனைக் கவர்ந்த பல்லின் சுழல்மடிப்பு இன்று உறவுக்குச் சான்றாக நிற்பதில்லை. அதே மடிப்பு யூஸ்தெனோப்டெரான் போன்ற ஆதி மீன்களின் பல்லிலும் இருக்கிறது. எல்லாரும் மூதாதையிடமிருந்து அப்படியே வாங்கி வைத்திருக்கும் ஒன்று, யார் யாருக்கு நெருக்கம் என்பதைச் சொல்லாது. லேபிரிந்தோடான்கள் என்ற ஒரே கூடையில் போட்டிருந்த விலங்குகளெல்லாம் இப்படித்தான் பல குலங்களாகப் பிரிந்தன.

முதுகெலும்பு காட்டிய வழியிலும் மேடுபள்ளம் உண்டு. 1904-ல் டெக்சாஸிலிருந்து புரோய்லி விவரித்த சீமோரியாவை ஆரம்பகால ஊர்வன என்றே பலர் கருதினார்கள். அதன் நெருங்கிய உறவான டிஸ்கோசாரிஸ்கஸின் குஞ்சுகள் மொராவியாவில் செவுள்களோடு கிடைத்ததும் அது ஊர்வனவின் வரிசையிலிருந்து நீங்கியது. டெம்னோஸ்பாண்டைல்களே தவளைகளின் மூதாதைக் குலம், எம்போலோமியர்கள் நம் பக்கம் என்பது இன்று பெரும்பான்மைக் கருத்து. மிஷெல் லோரனும் ராபர்ட் ரைஸும் இதை மறுத்தார்கள். அவர்கள் வரைந்த மரத்தில் இரு குலங்களுமே, இன்றுள்ள நான்குகாலிகளின் பொது மூதாதை தோன்றுவதற்கு முன்பே கிளை பிரிந்தவை. 2017-ல் கொலராடோவின் சின்லெஸ்டெகோஃபிஸை வைத்து ஜேசன் பார்டோவும் உடனுழைத்தவர்களும் இன்னொரு கருத்தை வைத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர மண்ணிலும் வாழும் காலில்லாச் சிசிலியன்களின் வேர், மெட்டோபோசார்கள் சேர்ந்த கிளையிலேயே இருக்கிறது என்பது அது. 2023-ல் அரிசோனாவிலிருந்து வந்த ஃபங்கஸ்வெர்மிஸ் அதற்கு எதிராகச் சாட்சி சொன்னது. வழக்கு தீரவில்லை.

இந்த வழக்கில் 2024-ல் புதிய சாட்சி ஒன்று தெற்கிலிருந்து வந்தது. நமீபியாவின் காய்-ஆஸ் பாறைகளில் கிளாடியா மார்சிகானோ குழுவினர் கண்டெடுத்த, அறுபது சென்டிமீட்டர் மண்டையோடும் பூட்டுப்போல் கோத்துக்கொள்ளும் பெரும் கோரைப்பற்களும் கொண்ட விலங்குக்கு, 2020-ல் மறைந்த ஜெனிஃபர் கிளாக்கின் நினைவாகக் காயாசியா ஜென்னியே என்று பெயர் வைத்தார்கள். அதன் வயது 28 கோடி ஆண்டு. அதன் உறவினரோ, வடக்கில் நிலக்கரிக் காலத்தோடு அழிந்துபோனதாகக் கருதப்பட்ட ஆதிக் கிளையினர். அப்போது அந்த இடம் கோண்ட்வானா என்ற தென்பெருங்கண்டத்தில், இன்றைவிட வெகு தெற்கே, குளிர்ந்த பகுதியாக இருந்தது. வடக்கின் கரிச் சதுப்புகள் வறண்டு அங்கே விலங்குகள் மாறிய பிறகும், தெற்கின் குளிர்ந்த நீரில் பழைய குலம் உச்ச வேட்டைக்காரனாக இருந்திருக்கிறது.

இதுவரை வரையப்பட்ட உறவு மரங்கள் அநேகமாக ஐரோப்பா, வட அமெரிக்காவின் கரிச் சுரங்கங்களை வைத்து வரைந்தவை என்பதை நமீபியா நினைவூட்டுகிறது. அதே கோண்ட்வானாவின் துண்டுகள் இந்தியாவிலும் இருக்கின்றன. சாத்பூராவின் பிஜோரிப் பாறையிலிருந்து லைடெக்கர் 1885-ல் ஒரு டெம்னோஸ்பாண்டைலையும், காஷ்மீரிலிருந்து ஆர்தர் ஸ்மித் வுட்வர்ட் 1905-ல் ஆர்க்கெகோசாரஸ் ஆர்னேட்டஸ் என்ற பெயரில் இன்னொன்றையும் விவரித்தார்கள். காஷ்மீர் விலங்கு இப்போது தனிப் பேரினமாகி, காஷ்மிரோசாரஸ் என்று வழங்குகிறது. லேபாக்கின் இரும்புக் கட்டிகளுக்குள் இருந்த அதே கரியால் மூக்குக் குடும்பம், பெர்மியன் காலத்தில் கோண்ட்வானாவின் வடவிளிம்பு வரை பரவியிருந்தது என்பதற்கு அது சான்று.

(தொடரும்)